பேசியதை முழுதாகப் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

விளையாட்டு வீரர் ஒருவர் அரசியல் தொடர்பாக ஏதாவது சொல்லிவிட்டால், மறுநாள் காலை உங்கள் நாளிதழில் 'சர்ச்சைப் பேச்சு', 'வலுக்கும் எதிர்ப்பு' என்று பெரிய எழுத்தில் வந்துவிடுகிறது. யார் யார் கண்டித்தார்கள், யார் மன்னிப்புக் கேட்கச் சொன்னார்கள் என்பதெல்லாம் உள்ளே விவரமாக இருக்கிறது. ஆனால் அந்த ஆள் பேசியது மட்டும் அரை வரிக்கு மேல் இருப்பதில்லை. எந்த மேடையில் பேசினார், யார் கேட்டதற்குச் சொன்னார், அதற்கு முன்னும் பின்னும் என்ன சொன்னார் என்று தெரிந்துகொள்ள நாமே தேட வேண்டியிருக்கிறது. பல வருடங்களாகக் காசு கொடுத்து வாங்கிப் படிக்கிறவள் என்ற உரிமையில் இதை எழுதுகிறேன்.

நானும் எங்கள் வீட்டுக்காரரும் பெருமாநல்லூர் பக்கம் விளையாட்டு ஜெர்சி தைத்துக் கொடுக்கும் சின்ன யூனிட் நடத்துகிறோம். எக்ஸ்போர்ட் எல்லாம் கிடையாது. அவிநாசி, கோபி, காங்கேயம், தாராபுரம் என்று சுற்றுப்பட்டு ஊர்களின் கபடி டீம், வாலிபால் டீம், கிரிக்கெட் டீம் ஆர்டர்தான் எங்களுக்குச் சோறு. பொங்கலுக்கும் கோயில் நோம்பிக்கும் முன்னால் ராத்திரி பகலாக மெஷின் ஓடும். டீம் பேர், ஊர்ப் பேர், ஆள் பேர், நம்பர், ஸ்பான்சர் பேர் எல்லாம் அச்சடிக்கிறோம். செலவைக் கட்சிக்காரர் யாராவது ஏற்றுக்கொண்டால் நெஞ்சிலோ கையிலோ தலைவர் படமும் உண்டு. எந்தக் கட்சி என்று சொல்ல வேண்டியதில்லை. எல்லாக் கட்சிப் படமும் எங்கள் ஹீட் பிரஸ்ஸில் அழுந்தி வெளியே போயிருக்கிறது.

அதனால், 'விளையாட்டில் அரசியல் வேண்டாம்' என்று யாராவது சொல்லும்போது எனக்குக் கோபம் வருகிறது. எங்கள் பக்கத்துக் கபடித் திடலுக்கு ஒரு ராத்திரி வந்து பார்க்கட்டும். கோப்பைக்குத் தலைவர் பெயர், போட்டி நடப்பது அவர் பிறந்தநாளுக்காக, ஆர்ச்சில் அவர் படம், பரிசுத் தொகை கட்சிக்காரர் கொடுத்தது. சிறப்பு விருந்தினர் கார் வந்து சேரும் வரைக்கும் பையன்கள் பனியில் வரிசையாக நிற்க வேண்டும், அவர் வந்து கை குலுக்கிப் போட்டோ எடுத்த பிறகுதான் ரெய்டு ஆரம்பிக்கும். இதை யாரும் அரசியல் என்று சொல்வதில்லை. அந்தப் பையன்களில் ஒருவன் வாயைத் திறந்தால்தான் அது அரசியல் ஆகிவிடுகிறது.

2025 ஜனவரியில் நடந்ததைச் சொல்கிறேன். அதற்கு முந்தின மாதம்தான் கிரிக்கெட் வீரர் அஷ்வின் பிரிஸ்பேனில் ஓய்வை அறிவித்திருந்தார். டெஸ்டில் 537 விக்கெட் எடுத்த நம் ஊர் ஆள் என்பதால், ஒரு கிரிக்கெட் டீம் பையன்கள் பொங்கல் போட்டிக்கு அவருடைய 99-ஆம் நம்பரையும் பெயரையும் எல்லா ஜெர்சியிலும் தோள்பட்டைக்குக் கீழே சிறியதாகப் போடச் சொன்னார்கள். ஆசையாகக் கேட்டார்கள், நாங்களும் ஆசையாகச் செய்தோம். ஜனவரி 9 அன்று சென்னை அருகே ஒரு பொறியியல் கல்லூரிப் பட்டமளிப்பு விழாவில் அஷ்வின் பேசினார். ஆங்கிலம், தமிழ், இந்தி என்று எந்த மொழியில் பேசட்டும் என்று மாணவர்களைக் கேட்டிருக்கிறார். தமிழ் என்றதும் அரங்கம் அதிர்ந்தது, இந்தி என்றதும் சத்தமே இல்லை. அப்போது, இந்தி நம் தேசிய மொழி அல்ல, அலுவல் மொழி என்று சொன்னார். அவ்வளவுதான்.

மறுநாளே போன் வந்துவிட்டது. "அக்கா, அந்தப் பேர எடுத்துப்போடுங்க. ஸ்பான்சர் பண்றவரு வேண்டாங்கறாரு" என்றான் பையன். நான் என்ன செய்வது? சப்ளிமேஷன் என்கிற அச்சு முறையில் டிசைனைத் தாளில் அச்சடித்து, பாலியஸ்டர் துணிமேல் வைத்து, கிட்டத்தட்ட 200 டிகிரி சூட்டில் அழுத்தினால் சாயம் ஆவியாகி நூலுக்குள்ளேயே இறங்கிவிடும். எத்தனை தடவை துவைத்தாலும் போகாது, எடுக்கவும் முடியாது. அந்த லாட் முழுக்க வேஸ்ட் ஆனது. டீமில் பாதிப் பேர் பெயர் இருந்தே ஆக வேண்டும் என்று சண்டை பிடித்தார்கள். கடைசியில் பெயர் இல்லாமல் வேறு துணியில் அடித்துக் கொடுத்தோம். நஷ்டம் எங்களுடையது. அது தொழிலில் வருவதுதான். ஒரு கல்லூரி மேடையில் சொன்ன ஒரு வாக்கியத்துக்காக, இத்தனை வருடம் அவர் போட்ட பந்தெல்லாம் ஒரே நாளில் வேண்டாததாகிவிட்டதே என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

இத்தனைக்கும் அவர் சொன்னது சட்டப் புத்தகத்தில் இருப்பது. அரசியல் சட்டத்தின் 343-ஆவது பிரிவு, தேவநாகரி எழுத்தில் எழுதப்படும் இந்தி ஒன்றியத்தின் அலுவல் மொழி என்கிறது. எட்டாவது அட்டவணையில் 22 மொழிகள் இருக்கின்றன. எதற்கும் தேசிய மொழி என்ற பட்டம் அங்கே கிடையாது. 2010-இல் குஜராத் உயர் நீதிமன்றமும் அப்படி அறிவித்ததாக எந்த ஆவணமும் இல்லை என்று சொல்லிவிட்டது. அப்போது தமிழக பா.ஜ.க. தலைவராக இருந்த, நம் கரூர்க்காரர் அண்ணாமலையே அஷ்வின் சொன்னது சரிதான் என்றார். சட்டத்தில் இருப்பதையாவது முதல் நாள் செய்தியிலேயே நான்கு வரியில் போட்டிருக்கலாம். போட்டிருந்தால் அந்த ஸ்பான்சர் ஒரு நிமிடமாவது யோசித்திருப்பார்.

எங்கள் யூனிட்டில் பவர் டேபிள் தையல் மெஷின் ஓட்டுகிறவர்களில் நிறையப் பேர் பீகார், ஒடிசா பக்கத்துக்காரர்கள். திருப்பூரில் எந்தக் கம்பெனிக்குப் போனாலும் இதுதான் நிலைமை. ஓவர்லாக் ஓட்டும் பீகார்த் தம்பி ஒருவன் எங்களிடம் ரொம்ப நாளாக இருக்கிறான். திருப்பூர்த் தமிழ் நன்றாகப் பேசுவான். இந்தப் பேச்சு அவனை வருத்தியிருக்குமோ என்று நானே கேட்டேன். "இல்லக்கா, எங்க வீட்ல போஜ்புரிதான். இந்தி நானும் பள்ளிக்கூடத்துலதான் படிச்சேன்" என்றான். போஜ்புரி அந்த 22 மொழிகளில் இல்லை என்பதும் அவன் சொல்லித்தான் எனக்குத் தெரியும். யார் மனம் புண்பட்டது என்று ஊரெல்லாம் கத்தினார்களோ, அவர்களில் ஒருவன் இவ்வளவு நிதானமாக இருந்தான்.

பாதிப் பேச்சும் வெட்டிய வீடியோவும் என்ன செய்யும் என்பது இந்த ஊர்க்காரர்களுக்கு நன்றாகத் தெரியும். 2023 மார்ச்சில் திருப்பூரில் வடமாநிலத் தொழிலாளர்களை அடித்துக் கொல்கிறார்கள் என்று பொய் வீடியோக்கள் கிளம்பின. வேறெங்கோ நடந்த தகராறுகளைத் திருப்பூர் என்று ஒட்டிப் பரப்பினார்கள். போலீஸ் மறுத்தது, பீகாரிலிருந்து அதிகாரிகள் குழு வந்து விசாரித்தது. அதற்குள் எங்கள் ஆட்கள் பாதிப் பேர் பையைக் கட்டிவிட்டார்கள். ஊரில் அவர்கள் அம்மாக்கள் போனில் அழுகிற சத்தம் எங்கள் கட்டிங் டேபிள் வரைக்கும் கேட்டது. அந்த வாரம் பட்ட பாட்டை நினைத்தால் இன்னும் வயிற்றைக் கலக்குகிறது. அதனால் யார் பேச்சையும் துண்டாக்கிக் காட்டினால் முதலில் முழுசாகக் கொண்டு வா என்றுதான் எனக்குக் கேட்கத் தோன்றுகிறது.

மொழி விஷயத்தில் கொங்கு நாட்டுக்கு யாரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை. 1965 பிப்ரவரி 12 அன்று இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் பொள்ளாச்சியில் துப்பாக்கிச் சூடு நடந்தது. என் மாமியார் பொள்ளாச்சிக்காரர், அந்த நாளைப் பற்றிப் பேச்செடுத்தாலே குரல் கம்மிவிடும். சத்தியமங்கலம் முத்து, பீளமேடு தண்டாயுதபாணி என்று உயிரைக் கொடுத்தவர்கள் பெயர்கள் இங்கே வீட்டுக்கு வீடு தெரியும். அப்படிப்பட்ட மண்ணில், மொழி பற்றி ஒரு கிரிக்கெட் வீரர் வாயைத் திறக்கலாமா என்று கேட்கிறார்கள். திறக்காமல் என்ன?

சரி, அஷ்வின் நமக்குப் பிடித்ததைச் சொன்னார், அதனால் அவர் பக்கம் பேசுகிறாள் என்று நினைப்பீர்கள். இலங்கைக் கிரிக்கெட் வீரர் முரளிதரன் விஷயத்துக்கு வருகிறேன்.

அவர் பேச்சு எனக்குப் பிடிக்கவில்லை. அன்றும் பிடிக்கவில்லை, இன்றும் பிடிக்கவில்லை. ராஜபக்ச குடும்பத்துக்கு ஆதரவாக நின்றதும், இலங்கையில் போர் முடிந்த 2009 பற்றி மகிழ்ச்சி என்று சொன்னதும் நெஞ்சில் தைத்தன. போர் முடிந்ததால் இரண்டு பக்கமும் சாவு நின்றதே, அதைத்தான் சொன்னேன் என்று பிறகு விளக்கம் கொடுத்தார். அந்த விளக்கம் எனக்குப் போதவில்லை. எங்கள் செக்கிங் பகுதியில் கோத்தகிரிப் பக்கத்து அம்மா ஒருவர் இருக்கிறார். 1964 சாஸ்திரி - சிறிமாவோ ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கைத் தோட்டத்திலிருந்து திருப்பி அனுப்பப்பட்ட குடும்பம். அவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டங்கள் வந்தன. அங்கே கூலி கட்டாமல் பிள்ளைகள் மலை இறங்கித் திருப்பூர் பனியன் கம்பெனிக்கு வந்தார்கள். முரளிதரனின் முன்னோர்களும் அதே மாதிரித் தோட்ட வேலைக்குக் கண்டிப் பக்கம் போனவர்கள்தான். "எங்காளு வாயில அந்தப் பேச்சு வரலாமுங்களாக்கா" என்று அந்த அம்மா கேட்டபோது என்னிடம் பதில் இல்லை.

2020 அக்டோபரில் முரளிதரன் வாழ்க்கைப் படத்தில் நடிக்க வேண்டாம் என்று விஜய் சேதுபதியைப் பலர் கேட்டார்கள். கேட்டது தவறு என்று நான் சொல்ல மாட்டேன். நடிகரிடம் வேண்டுகோள் வைக்க ரசிகருக்கு உரிமை இருக்கிறது, ஏற்பதும் மறுப்பதும் அவர் பாடு. கடைசியில் முரளிதரனே விலகிக்கொள்ளச் சொல்லிக் கடிதம் எழுத, விஜய் சேதுபதியும் விலகினார். அதற்குள் ஒருவன் அவருடைய சின்ன மகளைக் கெடுப்பேன் என்று ட்விட்டரில் எழுதினான். போலீஸ் வழக்குப் பதிவு செய்தது. முரளிதரன் பேச்சால் அவ்வளவு புண்பட்ட அந்தக் கோத்தகிரி அம்மா, இதைக் கேட்டதும் கையிலிருந்த பீஸைக் கீழே போட்டுவிட்டார். "அந்தப் புள்ள என்னங்க பண்ணுச்சு?" என்று அன்று முழுக்கக் கேட்டுக்கொண்டே இருந்தார். உங்கள் செய்தியில் அந்தக் கேள்வி வரவில்லை. மிரட்டல் செய்தி உள்பக்கத்தில் சின்னதாக வந்தது.

அடுத்த வருடமே விராட் கோலி வீட்டுக்கும் இதே வந்தது. 2021 அக்டோபரில் துபாயில் பாகிஸ்தானிடம் தோற்றதும் முகமது ஷமியை மதத்தைச் சொல்லித் திட்டினார்கள். ஒருவரை மதத்துக்காகத் தாக்குவது கேவலம் என்று கோலி வெளிப்படையாகச் சொன்னார். ஒரு வயதுகூட ஆகாத அவர் மகளுக்கு மிரட்டல் வந்தது. ஹைதராபாத்தில் கைது செய்யப்பட்டவர் படித்த, நல்ல வேலைக்குப் போகிற இளைஞர்.

நீரஜ் சோப்ரா அரசியலே பேசவில்லை. பெங்களூருவில் தன் பெயரில் நடக்க இருந்த ஈட்டி எறிதல் போட்டிக்குப் பாகிஸ்தானின் அர்ஷத் நதீமை அழைத்தார். பாரிஸ் ஒலிம்பிக்கில் 92.97 மீட்டர் எறிந்து தங்கம் வென்றவர் நதீம், 89.45 எறிந்து வெள்ளி வென்றவர் நீரஜ். போட்டி நடத்துகிறவர் தங்கம் வென்றவரை அழைக்காமல் யாரை அழைப்பார்? அழைப்பு போன பிறகு, 2025 ஏப்ரல் 22 அன்று காஷ்மீரின் பஹல்காமில் சுற்றுலா வந்தவர்களைப் பயங்கரவாதிகள் சுட்டுக் கொன்ற அந்தக் கொடுமை நடந்தது. நாடே துடித்தது, நானும் துடித்தேன். ஆனால் அந்தக் கோபத்தைக் கொண்டுபோய் ராணுவத்தில் இருக்கிற நீரஜின் தேசப்பற்றிலும், அவருடைய அம்மாவிடமும் காட்டினார்கள். நதீமும் என் பையன் மாதிரிதான் என்று அந்த அம்மா 2024-இல் சொன்னபோது ஊரே கொண்டாடியது. அதே வார்த்தைக்காக அடுத்த வருடம் அதே ஆட்கள் ஏசினார்கள். இதை நீரஜே தன் அறிக்கையில் வருத்தத்தோடு சொன்னார். தாக்குதலுக்கு முன்பே அழைப்பு அனுப்பியதையும் தேதி சொல்லி விளக்கினார். முதல் நாள் ஏச்சுக்குக் கொடுத்த இடத்தில் கால்வாசிகூட அந்த அறிக்கைக்கு உங்கள் பக்கத்தில் கிடைக்கவில்லை.

இன்ன கட்சிதான் இப்படி என்றும் சொல்ல முடியாது. 2021-இல் விவசாயிகள் போராட்டத்தை ஒட்டி சச்சின் ஒரு பதிவு போட்டதற்கு, கொச்சியில் இளைஞர் காங்கிரசார் அவர் கட்அவுட்டில் கறுப்பு எண்ணெய் ஊற்றினார்கள். 2023-இல் மல்யுத்த வீராங்கனைகள் தெருவுக்கு வந்தது ஒழுங்கீனம் என்று பி.டி. உஷா சொன்னார். எனக்கு அது பெரிய ஏமாற்றம். பெண் பிள்ளைகள் பாலியல் புகார் சொல்லி ஜந்தர் மந்தரில் உட்கார்ந்திருக்கும்போது, தடகளத்தில் அத்தனை பெண்களுக்கு வழிகாட்டிய ஒருவர் பேசுகிற பேச்சா அது? கண்டித்தவர்கள் நியாயமாகத்தான் கண்டித்தார்கள். சில நாளில் அவர் நேரில் போய் அவர்களைப் பார்த்தார். ஆனால் அவர் ஓடிச் சேர்த்த பதக்கங்களையும் சேர்த்து ஏளனம் செய்தவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

பேசாமல் இருந்தாலும் விடுவதில்லை. 2017 ஜல்லிக்கட்டுப் போராட்டத்தில் ஆதரவு சொன்ன வீரர்களைத் தலையில் தூக்கி வைத்தோம், சொல்லாதவர்களைக் கேள்வி கேட்டோம். 2018-இல் காவிரிக்காக ஐ.பி.எல். வேண்டாம் என்று போராடியபோது சேப்பாக்கம் மைதானத்துக்குள் செருப்பு பறந்தது. அங்கே ஆடிக்கொண்டிருந்தவர்களுக்கும் காவிரிப் பிரச்சினைக்கும் சம்பந்தமே இல்லை. பவானியிலும் கரூரிலும் ஆற்றுத் தண்ணீரை நம்பியிருக்கிற சனத்தின் கோபம் எனக்குப் புரியும். ஆனாலும் அது ஆட்டக்காரர்மேல் விழ வேண்டிய செருப்பு இல்லை. 2013-இல் இலங்கை வீரர்கள் யாரும் சென்னையில் ஐ.பி.எல். ஆடக்கூடாது என்று முடிவானபோதும், வாயே திறக்காத வீரர்களுக்கும் அதே தண்டனைதான்.

பேசியதற்காக ஒருவரின் பிழைப்பை எடுப்பது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு முகமது அலி இருக்கிறார். 1967-இல் வியட்நாம் போருக்குப் போக மறுத்ததும் பட்டத்தைப் பறித்தார்கள், மூன்று வருடத்துக்கு மேல் குத்துச்சண்டை மேடை ஏறவிடவில்லை. 1971-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. ஆனால் 25 வயதில் போன அந்த வருடங்களை எந்தக் கோர்ட்டு திருப்பிக் கொடுக்கும்?

பெரிய பெயர் எடுத்தவர்கள் எப்படியோ சமாளித்துக்கொள்வார்கள். எனக்கு உண்மையான கவலை எங்கள் ஊர்ப் பிள்ளைகளைப் பற்றித்தான். சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியிலிருந்து நடராஜன் ஆஸ்திரேலியா வரைக்கும் போய் வந்தபோது, 2021 ஜனவரியில் ரதத்தில் வைத்து ஊர்வலம் விட்டார்கள். அதைப் பார்த்து எத்தனை பிள்ளைகள் மைதானத்துக்கு வந்தார்கள் என்று ஜெர்சி அடித்துக் கொடுத்த எனக்குத் தெரியும். அப்படி வந்த ஒரு வாலிபால் பெண், எங்களிடம் வேலை செய்கிறவர் மகள், மாவட்ட அளவில் நன்றாக ஆடுகிறவள். அவள் பழகுகிற பள்ளி மைதானத்தில் ஒரு கட்சிக் கூட்டத்துக்குப் பந்தல் போட்டார்கள். கூட்டம் முடிந்து போய்விட்டார்கள், பந்தல் கால் நட்ட குழிகள் கோர்ட்டுக்கு நடுவில் அப்படியே கிடந்தன. கூடப் பழகும் பெண் ஒருத்தி குழியில் கால் மடங்கி விழுந்தாள். இவள் குழிகளைப் படம் எடுத்து, 'எங்கள் கோர்ட்டை மூடிக் கொடுங்கள்' என்று வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் வைத்தாள். கட்சிப் பெயர்கூடப் போடவில்லை.

அன்று சாயங்காலமே அவள் அப்பாவுக்குப் போன். "பொண்ண வெளையாடறதோட நிறுத்திக்கச் சொல்லுங்க. அரசியலெல்லாம் எதுக்குங்க? நாளைக்கு செலக்சன்னு வருவீங்கல்ல" என்று மரியாதையாகவே சொல்லியிருக்கிறார்கள். ஸ்டேட்டஸை எடுத்துவிட்டாள். "பெரிய பெரிய ஆளுங்களையே அந்தப் பாடு படுத்தறாங்க, நீ எம்மாத்தரம் கண்ணு" என்று அவள் அம்மா சொன்னாராம். தினமும் பேப்பரில் பார்ப்பதை வைத்துத்தான் அந்தத் தாய் அப்படிப் பேசினார். மைதானத்துக் குழியைப் பற்றிச் சொல்லக்கூடப் பயப்படும்படி பதினேழு வயதுப் பெண்ணை ஆக்கி வைத்திருக்கிறோம்.

வீரர்கள் சொல்வதையெல்லாம் கேட்டுக்கொண்டு சும்மா இருக்கச் சொல்லவில்லை. தப்பாகச் சொன்னால் தப்பு என்று ஓங்கிச் சொல்லுங்கள், நானும் சொல்வேன். சாதிப் பெருமை பேசினால் விடாதீர்கள். ஆனால் பதில் அவர் சொன்னதற்கு இருக்கட்டும். பெண்டாட்டி, பிள்ளை, தாய், மதம், பிறந்த ஊர், வயிற்றுப்பாடு இதெல்லாம் அந்தப் பதிலுக்குள் வரக்கூடாது.

உங்களிடம் கேட்பது, அடுத்த முறை இப்படி ஒரு செய்தி வந்தால் அவர் பேசியதை முழுதாக, கேட்ட கேள்வியோடு, இடமும் தேதியும் போட்டு மேலே கட்டம் கட்டிப் போடுங்கள். கண்டனங்கள் அதற்குக் கீழே வரட்டும். சட்டமோ புள்ளிவிவரமோ சம்பந்தப்பட்டிருந்தால் சரியா தவறா என்று நீங்களே பார்த்து இரண்டு வரி சேருங்கள். விளக்கம் கொடுத்தால் அதே பக்கத்தில் அதே அளவில் வரட்டும். 'நெட்டிசன்கள் விளாசல்' என்று சொல்லி வீட்டாரைத் திட்டிய பதிவுகளைப் படம் பிடித்துப் போடுவதைத் தயவுசெய்து நிறுத்துங்கள். எழுதியவனுக்கு அதுதான் வேண்டும்.

அப்புறம், அந்தப் பள்ளி மைதானக் குழிகள் இந்தக் கடிதம் எழுதும் வரைக்கும் மூடப்படவில்லை. ஊரும் போகும் வழியும் தனித் தாளில் எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். உங்கள் திருப்பூர் நிருபரை அனுப்பிப் படம் எடுத்துப் போடுங்கள். அந்தப் பெண் பெயர் மட்டும் வர வேண்டாம்.

இப்படிக்கு,
ஜெர்சி யூனிட் நடத்தும் வாசகி,
பெருமாநல்லூர், திருப்பூர் மாவட்டம்.